பார்சல் என்றைக்கு வந்து சேரும்? புதிய ஆன்லைன் விற்பனையாளருக்கு ஒரு டெலிவரி வழிகாட்டி

ஒரே பொருளை இரண்டு பேர் விற்கிறார்கள். விலையும் ஒன்றுதான். ஒருவருடைய பக்கத்தில் "வியாழக்கிழமைக்குள் கிடைக்கும்" என்று இருக்கிறது. மற்றவருடைய பக்கத்தில் "வெள்ளி முதல் அடுத்த புதன் வரை" என்று இருக்கிறது. வாங்க வந்தவர் இரண்டாவது பக்கத்தில் நிற்கமாட்டார். வேடிக்கை என்னவென்றால், பல நேரங்களில் இருவரும் பார்சலைக் கொடுப்பது ஒரே கூரியரிடம்தான்; அது போய்ச் சேருவதும் ஏறக்குறைய ஒரே நாளில்தான். பின்தங்கியவர் கடை தொடங்கிய அன்று அமைப்புகள் பக்கத்தில் என்ன இருந்ததோ அதை அப்படியே விட்டிருப்பார்.

ஆகவே விரைவு கூரியருக்குப் பணம் கட்டுவது கடைசியில் யோசிக்க வேண்டிய விஷயம். அதற்கு முன்னால் செலவே இல்லாமல் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது.

1. அந்தத் தேதி எப்படி உருவாகிறது?

வாங்குபவர் பார்க்கும் தேதியை, அமேசான், ஈபே போன்ற சந்தைத் தளம் ஒரு கூட்டல் கணக்கில் வரவழைக்கிறது. ஆர்டர் வந்ததிலிருந்து பார்சலைக் கூரியரிடம் கொடுக்கும் வரை ஆகும் காலம் முதல் பகுதி. அமைப்புகளில் இது பெரும்பாலும் 'ஹேண்ட்லிங் டைம்' என்றும், சில தளங்களில் 'பிராசசிங் டைம்' என்றும் இருக்கும். இந்தக் கட்டுரையில் அதை ஆயத்த நேரம் என்கிறேன். கூரியர் எடுத்துச் சென்று வாசலில் சேர்ப்பது இரண்டாவது பகுதி, அதாவது பயண நேரம். இவற்றோடு சத்தமில்லாமல் சேர்ந்துகொள்பவை இன்னும் இரண்டு: அன்றைய ஆர்டர் எத்தனை மணி வரை அன்றைய கணக்கில் சேரும் என்னும் கட்-ஆஃப் நேரம், எந்தெந்த நாள்கள் வேலைநாள்கள் என்னும் அமைப்பு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வியாழக்கிழமை மாலை 4 மணிக்கு ஓர் ஆர்டர் வருகிறது. கட்-ஆஃப் பிற்பகல் 2 மணி, ஆயத்த நேரம் 2 வேலைநாள், பயணம் 3 முதல் 5 வேலைநாள், சனி ஞாயிறு கணக்கில் இல்லை. 2 மணி தாண்டிவிட்டதால் இது வெள்ளிக்கிழமை ஆர்டராகிறது. இரண்டு வேலைநாள் கூட்டினால் செவ்வாய் அன்றுதான் அனுப்பும் நாள். பயணத்தையும் சேர்த்தால் வாங்குபவருக்குத் தெரிவது: அடுத்த வார வெள்ளி முதல் அதற்கடுத்த செவ்வாய் வரை.

இப்போது இரண்டே இரண்டை மாற்றுங்கள். கட்-ஆஃப் மாலை 5 மணி, ஆயத்த நேரம் 1 வேலைநாள். ஆர்டர் வியாழன் கணக்கிலேயே நிற்கிறது. வெள்ளியன்று பார்சல் கிளம்புகிறது. தேதி அடுத்த வாரப் புதன் முதல் வெள்ளி வரை என்றாகிறது. முன்பு மிகச் சீக்கிரமான தேதியாக இருந்த அந்த வெள்ளி, இப்போது மிகத் தாமதமான தேதி. கூரியர் மாறவில்லை, பெட்டி மாறவில்லை, கட்டணமும் மாறவில்லை.

2. மாற்றும் முன் அளந்து பாருங்கள்

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பது இங்கே நூற்றுக்கு நூறு பொருந்தும். கடைசியாகப் போன ஐம்பது ஆர்டர்களை எடுங்கள்; அவ்வளவு இல்லையென்றால் இருபது போதும். ஒவ்வொன்றுக்கும் நான்கு நேரங்களைக் குறியுங்கள்: ஆர்டர் வந்தது, பேக்கிங் முடிந்தது, கூரியரின் முதல் ஸ்கேன், கையில் கிடைத்தது. சாதாரண நோட்டில் எழுதினாலும் சரி, எக்செல்லில் போட்டாலும் சரி.

மூன்றாவது நேரத்தில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். லேபிளை அச்சடித்து 'அனுப்பியாயிற்று' என்ற பொத்தானை அழுத்திவிட்டால் அனுப்பியதாகிவிடாது. நேரத்துக்கு அனுப்பினீர்களா என்பதற்குச் சந்தைத் தளங்கள் மேலும் மேலும் கூரியரின் முதல் ஸ்கேனையே சாட்சியாக எடுத்துக்கொள்கின்றன. வாங்குபவரும் ட்ராக்கிங் பக்கத்தில் பார்ப்பது அதைத்தான்.

அடுத்து, சராசரியை நம்பாதீர்கள். பத்து பார்சல்களின் பயண நாள்கள் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 2, 2, 2, 2, 2, 3, 3, 3, 4, 9. சராசரி 3.2 நாள். அதைப் பார்த்து '3 நாள்' என்று போட்டால் பத்தில் இரண்டு பேரிடம் சொன்ன சொல் தவறுவீர்கள். வரிசையில் ஒன்பதாவது எண்ணைப் பாருங்கள்: 4. நான்கு நாள் என்று சொன்னால் பத்தில் ஒன்பது பேருக்குச் சொன்னபடி போகும். அந்த 9 நாள் பார்சலுக்கு என்ன ஆயிற்று என்பது தனி விசாரணை. முகவரி தவறா, எட்டாத தூரத்து ஊரா, கூரியர் கிடங்கில் தங்கியதா? காரணம் ஒரே பகுதியையே காட்டினால், அந்தப் பகுதிக்குத் தனித் தேதி வைக்க வேண்டும் என்று பொருள்.

இந்த அளவெடுப்பில் பலருக்கும் அதிர்ச்சியாக வருவது முதல் இடைவெளிதான். பேக்கிங்குக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஆர்டர் வந்ததைக் கவனிக்கப் பதினெட்டு மணி நேரம் ஆகியிருக்கும்.

3. ஆயத்த நேரத்தைக் குறைப்பது

நான்கு பகுதிகளில் முழுக்க உங்கள் கையில் இருப்பது இது ஒன்றே. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

கட்-ஆஃப் நேரத்தைக் கூரியர் வரும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். கூரியர் ஆள் மாலை 6 மணிக்கு வருகிறார். வழக்கமாகக் கடைசி நேரத்தில் பன்னிரண்டு பார்சல் சேரும். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரு மணி நேரம். அச்சுப்பொறி மக்கர் செய்வது, டேப் தீர்ந்துபோவது ஆகியவற்றுக்கு இன்னொரு மணி. ஆக, கட்-ஆஃப் மாலை 4 மணி. கூரியர் ஆள் காலை 11 மணிக்கே வந்துபோகிறார் என்றால், அவரை மாலையில் வரச்சொல்ல முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால், மாலையில் நீங்களே கொண்டுபோய் ஒப்படைக்கக்கூடிய மையம் அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மையத்திலிருந்து வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பதையும் கேட்டுவிடுங்கள். வண்டி போன பிறகு கொடுத்த பார்சல் இரவு முழுக்க அங்கேயேதான் இருக்கும். இன்னொன்று: அமைப்புகளில் இருக்கும் கட்-ஆஃப் எந்த நேர மண்டலத்தில் இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். வெளிநாட்டுத் தளத்தில் விற்பவர்களில் சிலர் தங்கள் ஊர் நேரம் என்று நினைத்து வேறொரு கண்டத்தின் மாலையைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள்.

அடுத்தது அலமாரி. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இட எண் கொடுங்கள்: 'அ-3-2' என்றால் முதல் அலமாரி, மூன்றாம் தட்டு, இரண்டாம் பெட்டி. சிறு கடைக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். முப்பது வகைப் பொருள் தாண்டியதும் தேடுவதற்குப் போகும் நேரம் பேக்கிங்குக்குப் போகும் நேரத்தை மிஞ்சத் தொடங்கும். உங்களைத் தவிர இன்னொருவர் வந்து ஆர்டரை எடுத்துவைக்க முடியுமா என்பதுதான் சோதனை. முடியாது என்றால், உங்களுக்குக் காய்ச்சல் வரும் நாளில் கடையின் ஆயத்த நேரமும் படுத்துவிடும்.

ஆர்டரை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்காதீர்கள். காலையில் ஒரு முறை, கட்-ஆஃப் தாண்டியதும் ஒரு முறை என்று இரண்டே சுற்று. ஒரு சுற்றில் எல்லாப் பொருள்களையும் மொத்தமாக எடுத்து வந்து, லேபிள்களையும் மொத்தமாக அச்சடித்து, வரிசையாகக் கட்டுங்கள். அதிகம் விற்கும் நான்கைந்து பொருள்களை, ஆர்டர் வருமுன்னரே பெட்டியில் போட்டு மூடி வைத்துவிடலாம். ஆர்டர் வந்ததும் லேபிள் ஒட்டினால் போதும். பெட்டி அளவுகளை மூன்றாகக் குறைத்துக்கொண்டால் 'எதில் வைப்பது' என்ற யோசனையும் போய்விடும். மை தேவைப்படாத தெர்மல் லேபிள் அச்சுப்பொறி, நாளுக்குப் பத்து பார்சல் போகத் தொடங்கியதும் வாங்கத் தகுந்த முதல் கருவி என்பது என் கருத்து.

பிறகு, பொருளுக்குப் பொருள் வேறு ஆயத்த நேரம் வையுங்கள். இதைச் செய்யாமல் நான் ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடை முழுவதற்கும் 'ஒரு நாள்' என்று மாற்றினேன். பெயர் பொறித்துத் தரும் ஒரே ஒரு பொருளும் அதில் இருந்தது நினைவில்லை. அந்த வாரத்தில் வந்த தாமதப் புகார்கள் எல்லாம் அந்த ஒன்றுக்குத்தான். பலர் இதற்கு நேர் எதிரான தவற்றைச் செய்கிறார்கள்: ஆர்டரின் பேரில் செய்யும் பொருள் ஒன்று இருப்பதால் கடை முழுவதற்கும் ஐந்து நாள் போட்டுவிடுகிறார்கள். கையிருப்பில் தயாராக இருக்கும் நூறு பொருள்கள் அந்த ஒன்றுக்காகத் தண்டனை அனுபவிக்கின்றன. அமேசான், ஈபே, எட்சி போன்ற தளங்களில் பொருள்வாரியாக இதைத் தனித்தனியே வைக்க வசதி இருக்கிறது.

ஆயத்த நேரத்தைக் குறைப்பதற்குத் தளங்களே பரிசும் தருகின்றன. ஈபேயின் அமெரிக்கத் தளத்தில் 'டாப் ரேட்டட் பிளஸ்' முத்திரை பெற, டாப் ரேட்டட் விற்பனையாளராக (நல்ல சேவைக்கு ஈபே தரும் உயர்ந்த நிலை) இருப்பதோடு, அன்றே அல்லது ஒரு வேலைநாளில் அனுப்புவதும் 30 நாள் இலவச ரிட்டர்னும் தர வேண்டும்.

4. இல்லாத பொருளுக்குத் தேதி சொல்லாதீர்கள்

தாமதமாக வந்த பார்சலை மன்னிப்பவர் உண்டு. "ஸ்டாக் இல்லை, ரத்து செய்கிறோம்" என்ற செய்தியை மன்னிப்பவர் குறைவு. தளங்களும் அப்படித்தான் கணக்கு வைக்கின்றன. அமேசானில் தானே அனுப்பும் விற்பனையாளரின் தாமத விகிதம் 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். விற்பனையாளரே ரத்து செய்யும் விகிதத்துக்கு எல்லை அதைவிட இறுக்கம், 2.5 சதவீதம்.

எப்போது மறுபடி சரக்குச் சொல்லுவது என்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. ஒரு நாளில் சராசரியாக 4 விற்கிறது, அதிகபட்சம் 7. சரக்கு வந்து சேரச் சராசரியாக 6 நாள், மோசமான வேளையில் 9 நாள். ஏழை ஒன்பதால் பெருக்கினால் 63. நான்கை ஆறால் பெருக்கினால் 24. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 39 உங்கள் பாதுகாப்பு இருப்பு. கையிருப்பு 63ஐத் தொட்டதும் ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். இது கொஞ்சம் பயந்தவர்களின் கணக்கு. எல்லாப் பொருளுக்கும் இப்படி வைத்தால் பணம் முழுக்க அலமாரியில் முடங்கிவிடும். விற்பனையின் பெரும்பகுதியைத் தூக்கி நிறுத்தும் சில பொருள்களுக்கு மட்டும் இப்படி வையுங்கள். மாதம் ஒன்று போகும் பொருளுக்கு நீளமான ஆயத்த நேரம் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

இரண்டு மூன்று தளங்களில் ஒரே சரக்கை விற்கிறீர்கள் என்றால், கடைசி ஒன்றிரண்டை எங்கும் காட்டாமல் வைத்திருப்பது நல்லது. இருப்பு எண்ணிக்கை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச்சேரும் அந்தச் சில நிமிடங்களில்தான் ஒரே பொருள் இரண்டு பேருக்கு விற்றுப்போகும்.

5. பயண நேரம்: எல்லாருக்கும் ஒரே தேதி வேண்டாம்

பக்கத்து ஊருக்கு ஒரு நாளில் போகும் பார்சலுக்கும் நாட்டின் மறுகோடிக்கு ஆறு நாளில் போகும் பார்சலுக்கும் சேர்த்து '3 முதல் 6 நாள்' என்று போடுவது சோம்பேறித்தனம். பக்கத்தில் இருப்பவருக்கு அது கெட்ட செய்தி. தூரத்தில் இருப்பவருக்கு அது ஆபத்தான வாக்குறுதி. ஷிப்பிங் டெம்ப்ளேட்டில், அதாவது எந்தப் பகுதிக்கு எத்தனை நாள் என்று குறிக்கும் அமைப்பில், பகுதிகளைப் பிரியுங்கள். இரண்டாம் படியில் நீங்கள் குறித்த பட்டியலை அஞ்சல் குறியீட்டின் முதல் எண்கள் வாரியாக வரிசைப்படுத்தினால், எங்கே பிரிக்க வேண்டும் என்று அதுவே காட்டிவிடும். அமேசானில் இதைத் தானாகச் செய்யும் வசதியும் இருக்கிறது: உங்கள் கிடங்கு எங்கே, எந்தக் கூரியர் என்று சொல்லிவிட்டால் பகுதிவாரியாகப் பயண நேரத்தை அதுவே கணக்கிட்டுக் காட்டும்.

எல்லாப் பகுதியிலும் ஒரே கூரியர் சிறப்பாக இருக்காது. ஒருவர் பெருநகரங்களில் பறப்பார், சிற்றூருக்குப் போனால் தவழ்வார். அங்கெல்லாம் அஞ்சல் துறையே முந்திக்கொள்வதும் உண்டு. இரண்டு பேரிடமாவது கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் வேலைநிறுத்தம் என்றாலும் கடை நிற்காது.

விரைவுச் சேவை கட்டுப்படியாகவில்லை என்கிறவர்கள் முதலில் பெட்டியை அளந்து பாருங்கள். கூரியர் நிறுவனங்கள் உண்மையான எடை, கொள்ளளவு எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் வாங்குகின்றன. டிஎச்எல், ஃபெடெக்ஸ் போன்றவற்றின் எக்ஸ்பிரஸ் சேவையில் கொள்ளளவு எடை என்பது, நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தது. 40 × 30 × 20 பெட்டி என்றால் 4.8 கிலோ. உள்ளே இருக்கும் பொருள் ஒன்றரைக் கிலோவாக இருந்தாலும் 4.8 கிலோவுக்கே பணம். அதே பொருள் 30 × 20 × 12 பெட்டியில் அடங்கிவிட்டால் 1.44 கிலோ, கட்டணம் உண்மையான ஒன்றரைக் கிலோவுக்கு இறங்கிவிடும். காற்றை அனுப்புவதற்குக் கொடுத்துக்கொண்டிருந்த பணத்தில் பார்சலை ஒரு நாள் முன்னதாகச் சேர்த்துவிடலாம்.

6. தளத்தின் கிடங்கில் வைப்பது

அமேசான் 2005இல் பிரைம் திட்டத்தை இரண்டு நாள் இலவச டெலிவரியோடு தொடங்கியது; அடுத்த ஆண்டே, பிற விற்பனையாளர்களின் சரக்கைத் தன் கிடங்கில் வைத்து அனுப்பித் தரும் சேவையையும் கொண்டுவந்தது. இன்று பல சந்தைத் தளங்களில் இப்படியொரு ஏற்பாடு இருக்கிறது. சரக்கு வாங்குபவருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தேதி தானாகவே அழகாகிவிடும்.

ஆனால் இருக்கும் சரக்கையெல்லாம் ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். சிறியதாக, வேகமாக விற்பதாக, ரிட்டர்ன் குறைவாக இருக்கும் ஐந்து பொருள்களோடு தொடங்குங்கள். கிடங்கில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் வாடகை உண்டு; நீண்ட நாள் தங்கினால் அது கூடும். அதே பொருளைச் சொந்தக் கையிருப்பிலும் கொஞ்சம் வைத்திருங்கள். அனுப்பிய சரக்கு கிடங்கில் பதிவாகவே சில சமயம் வாரங்கள் ஆகும்.

7. நாடு தாண்டி விற்பவர்களுக்கு

இங்கே தேதியைக் கெடுப்பது பெரும்பாலும் சுங்கம். சுங்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நாம் நிரப்பும் படிவம். 'பரிசு', 'மாதிரி', 'உதிரிப்பொருள்' என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் பார்சல் ஓரம் கட்டப்படும். என்ன பொருள், எதனால் ஆனது, எத்தனை, உண்மையான விலை என்ன என்று எழுதுங்கள். சுங்கத்துக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எச்எஸ் குறியீட்டின் முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுக்க ஒன்றே என்பதால், பொருளுக்குரியதை ஒரு முறை சரியாகக் கண்டுபிடித்துப் பட்டியலில் சேர்த்துவைத்தால் போதும். அஞ்சல் வழியாகப் போகும் குறைந்த மதிப்புப் பொட்டலங்களுக்கு சிஎன்22, கூடுதல் மதிப்புக்கு சிஎன்23 என்னும் சுங்கப் படிவம்.

வரியை யார் கட்டுவது என்பதை முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள். பார்சல் வாசல் வரை வந்து, வாங்குபவர் வரி கட்ட மறுத்தால் உங்கள் தேதிக்கு அர்த்தமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 150 யூரோவரை மதிப்புள்ள சரக்குக்கு, விற்கும்போதே மதிப்புக்கூட்டு வரியை வாங்கிச் செலுத்தும் ஐஓஎஸ்எஸ் முறை 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. பெரிய தளங்களில் விற்றால் தளமே வரியை வாங்கிக்கொள்ளும். அந்த ஐஓஎஸ்எஸ் எண், பார்சலோடு போகும் மின்னணுத் தகவலில் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை.

8. கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்

எல்லாம் தயாரானதும் ஒரே இரவில் அத்தனை பொருள்களுக்கும் தேதியைச் சுருக்கி அகலக் கால் வைக்காதீர்கள். நன்றாக விற்கும் பத்து பொருள்களில் மட்டும் ஒரு நாளைக் குறையுங்கள். இரண்டு வாரம் பாருங்கள். கட்-ஆஃபுக்குள் வந்த ஆர்டர்களில் எத்தனை, சொன்ன அனுப்பும் நாளுக்குள் முதல் ஸ்கேன் பெற்றன? நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் திரும்பவும் ஒரு நாளைக் கூட்டிவிட்டு, எங்கே இடிக்கிறது என்று தேடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூட்டமான விற்பனைக் காலத்துக்கு ஒரு வாரம் முன்பே ஆயத்த நேரத்தில் ஒரு நாள் கூட்டிவைப்பவர், அந்தக் காலம் முடிந்ததும் நல்ல மதிப்பெண்ணோடு இருப்பார்.

விடுமுறை நாள்களை முன்கூட்டியே அமைப்புகளில் ஏற்றுங்கள். கூரியரின் விடுமுறைப் பட்டியலையும் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கடை திறந்திருந்து கூரியர் வராத நாள்கள் ஆண்டில் சில வரும். சனிக்கிழமை உண்மையிலேயே அனுப்ப முடியுமானால் அதையும் வேலைநாளாகக் குறியுங்கள். வெள்ளி மாலையும் சனி காலையும் வாங்குகிறவர்களுக்குக் காட்டும் தேதி அங்கேயே முன்னால் வந்துவிடும். ஒரே ஒரு சனிக்கிழமை முடியாது என்று தெரிந்தால் அந்தத் தேதியை மட்டும் விடுமுறையாகப் போட மறக்காதீர்கள்.

தாமதமாகப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்த நொடியில் வாங்குபவருக்கும் தெரிய வேண்டும். அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். "மன்னிக்கவும், இன்று அனுப்ப வேண்டியது நாளை மாலை கிளம்புகிறது, வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும், வேண்டாமென்றால் இப்போதே ரத்து செய்து பணத்தைத் திருப்பிவிடுகிறேன்" என்று இரண்டு வரி போதும். புதிய தேதி இல்லாத மன்னிப்பு யாருக்கும் பயன்படாது.

மாதத்துக்கு ஒரு முறை, விற்பனையாளர் கணக்கிலிருந்து வெளியே வந்து, சாதாரண வாங்குபவராக உங்கள் பொருளைத் திறந்து பாருங்கள். டெலிவரி முகவரியில் மிகத் தூரத்து ஊர் ஒன்றின் அஞ்சல் குறியீட்டைப் போடுங்கள். பிறகு பக்கத்து ஊருடையதைப் போடுங்கள். கட்-ஆஃபுக்கு ஐந்து நிமிடம் முன்பு ஒரு முறை, ஐந்து நிமிடம் கழித்து ஒரு முறை பாருங்கள். அங்கே தெரியும் தேதியும் உங்கள் நோட்டில் இருக்கும் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், அமைப்புகளில் எங்கோ ஒரு பழைய எண் இன்னும் ஒளிந்திருக்கிறது.